உமாசங்கரின் படத்தை நான் திருத்திய விதம்

சாப்பாட்டு விஷயத்தில் எனக்குப் பெரிய பிடிவாதம் எதுவும் கிடையாது. ரசம் மட்டும் சூடாக இருக்க வேண்டும். நேற்று உங்கள் ஸ்டேஷனில் வாங்கிக் கொடுத்த சாப்பாட்டில் ரசம் இல்லை, பப்பும் கோங்குரா பச்சடியும் இருந்தன. குறை சொல்லாமல் சாப்பிட்டேன். நான் சாப்பிட்டதைப் பார்த்து உங்கள் ஏட்டு தலையில் அடித்துக்கொண்டார். இப்படிப்பட்ட காரியத்தைச் செய்துவிட்டு எப்படித் தொண்டையில் சோறு இறங்குகிறது என்று அவர் தெலுங்கில் கேட்டது எனக்குப் புரிந்தது. பசித்தது, சாப்பிட்டேன்.

தெரிந்த மொழியில் எழுது, மொழிபெயர்க்க ஆள் இருக்கிறது என்று சொன்னீர்கள். அதனால் தமிழிலேயே எழுதுகிறேன். என் பெயர் ஜகதீசன். வயது முப்பத்தாறு. சொந்த ஊர் கோவில்பட்டி. அப்பா அம்மா இல்லை. அக்கா ஒருத்தி சூரத்தில் இருக்கிறாள், தீபாவளிக்குப் போன் செய்வாள். ஹைதராபாத்துக்கு வந்து எட்டு வருடங்களில் ஆறு வீடு மாறியிருக்கிறேன். எந்த வீட்டுக்காரரும் என்னைப் போகச் சொன்னதில்லை. எனக்குத்தான் ஓரிடத்தில் உட்கார வராது. ஞாயிற்றுக்கிழமை வந்தால் அறைக்குள் நடப்பேன், பைக்கை எடுத்துக்கொண்டு எங்கேயாவது போவேன், திரும்பி வந்து மறுபடி நடப்பேன். இந்த ஒரு குறையைத் தவிர என்னிடம் கெட்ட பழக்கம் எதுவும் இல்லை.

வேலை, வெப்சைட்டுகளுக்குப் படம் செய்வது. பேகம்பேட்டில் ஆபீஸ். இதைக் கொஞ்சம் விளக்கிவிட்டால் பிறகு சொல்வது சுலபமாகப் புரியும். கம்ப்யூட்டரில் ஒரு படத்தை இரண்டு விதமாக வைக்கலாம். கோடுகளாக வைத்தால் அது வெக்டார். எழுத்து, சின்னம், கட்டம் எல்லாம் அதில் போடலாம். பத்தடிக்கு இழுத்தாலும் கோடு பிசிறில்லாமல் இருக்கும். ஆனால் மனித முகம் அதில் பொம்மை முகமாகத்தான் வரும். முகத்துக்குப் புள்ளிகள் வேண்டும், அது ராஸ்டர். அதில் தோல் வரும், கண்ணின் ஈரம்கூட வரும். ஆனால் அளவுக்கு மேல் இழுத்தால் கட்டம் கட்டமாக உடைந்துவிடும். எழுத்தையும் சட்டத்தையும் கோரல்டிராவில் போட்டு, முகத்தை போட்டோஷாப்பில் திருத்தி எடுத்துவந்து, சட்டத்துக்குள் உட்காரவைப்பது என் வேலை. ஒட்டிய இடம் கண்ணுக்குத் தெரியக் கூடாது. என் வேலையில் அதைக் கண்டுபிடித்தவர் யாரும் கிடையாது, யூசுப் பாயைத் தவிர. அவரைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

லோத்குண்டாவில் லக்ஷ்மிநாராயணன் மாமாவின் வீட்டு மாடிக்கு 2003ஆம் வருடக் கடைசியில் குடிவந்தேன். மாமா மத்திய அரசின் பாதுகாப்புத் துறை அலுவலகம் ஒன்றில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மாமி பெயர் திரிபுரசுந்தரி. ஒரே பையன் உமாசங்கர், இருபத்தேழு வயது. படிப்பு பாதியில் நின்றுபோய், மனநல மருத்துவர் கொடுத்த மாத்திரையில் இருந்தவன். யாருக்கும் தொந்தரவு செய்யாத ஆள். அதிகம் பேச மாட்டான். என்னை ‘மாடி சார்’ என்று கூப்பிடுவான்.

முதல் எட்டு மாதம் நான் அந்த வீட்டுக்கு வெறும் வாடகைக்காரன். மாமி நல்லவர்தான். பண்டிகை நாளில் சுண்டலோ பாயசமோ கொடுப்பார், ஆனால் வாசற்படியோடு சரி. கிண்ணத்தைக் கழுவிப் படிக்கட்டில் வைத்துவிட வேண்டும். நான் அதைத் தப்பாக எடுத்துக்கொண்டதில்லை. வாடகைக்கு இருப்பவனுக்கு அவ்வளவுதான் இடம் என்று எனக்குத் தெரியும்.

2004 ஆகஸ்டில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, முடிவெட்டிக்கொண்டு வருகிறேன் என்று போன உமாசங்கர் திரும்பி வரவில்லை.

போலீசில் எழுதிக் கொடுத்தோம். மாமாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை, வண்டி ஓட்ட முடியாது. நானே என் பைக்கில் உட்காரவைத்துக்கொண்டு அலைந்தேன். ஞாயிறுதோறும் ஆஸ்பத்திரி, ரயில் நிலையம், கோயில் வாசல், தர்கா வாசல், பிணவறை என்று சுற்றினோம். மாமி தயிர்சாதம் கட்டிக் கொடுப்பார். ஏதோ ஒரு பஸ் நிறுத்தத்தில் நானும் மாமாவும் ஆளுக்கு ஒரு பக்கம் உட்கார்ந்து சாப்பிடுவோம். திரும்பி வரும்போது மாமி கேட் பக்கத்திலேயே நிற்பார்.

“ஏதாவது தெரிஞ்சுதாடா ஜகதீசா?”

“இல்ல மாமி. அடுத்த வாரம் நாம்பள்ளிப் பக்கம் பாப்போம்.”

“சரி, கை கால் அலம்பிண்டு வா. தட்டு போட்டாச்சு.”

உள்ளே வா என்று அவர் சொன்னது அதுதான் முதல் தடவை. சாப்பாட்டு மேசையில் ஃபிரிட்ஜ் பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது, அதில் உட்கார்ந்தேன். வேறு தட்டில்தான் போட்டார். மூன்றாவது மாதம் உமாசங்கர் பெயர் பொறித்த தட்டிலேயே போட்டார். மறதியாகச் செய்தாரா, தெரிந்து செய்தாரா என்று நான் கேட்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு அறைக்குள் நடக்கும் வியாதி இல்லை என்பதை மட்டும் கவனித்தேன்.

தேடுவதற்கு ஒரு வெப்சைட் செய்யலாம் என்று சொன்னது நான்தான். அதற்காக யாரும் என்னைக் கெஞ்சவில்லை. உமாசங்கருக்குப் போட்டோ என்றாலே ஆகாது. சுவரில் இருந்தது எட்டாம் வகுப்பில் எடுத்த படம். பெரியவனான பிறகு ஏதோ விண்ணப்பத்துக்காக ஸ்டூடியோவில் எடுத்தது ஒன்றே ஒன்று. அதை மாமி பூஜை அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். பெரிதாக ஸ்கேன் செய்து கோரல்டிராவில் சட்டத்துக்குள் வைத்தேன். மேலே ‘காணவில்லை’ என்று ஐந்து மொழியில், கீழே அடையாளம், என் ஈமெயில், வீட்டு டெலிபோன் எண். நல்ல வேலை. அதை யார் வேண்டுமானாலும் இன்றும் போய்ப் பார்க்கலாம்.

அக்டோபரில் காச்சிகூடாவிலிருந்து ஒருவர் போன் செய்தார். படத்தில் இருப்பவனைப் போல ஒருத்தன் பிளாட்பாரத்தில் இருக்கிறான் என்றார். நானும் மாமாவும் பறந்துகொண்டு போனோம். வழியில் இரண்டு தடவை தப்பான கியரைப் போட்டேன். அவனாக இருக்கக் கூடாது என்று நான் நினைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகள் இதோடு முடிந்துவிடக் கூடாது என்று நினைத்தேன். இரண்டும் வேறு வேறு. அங்கே இருந்தது வேறு யாரோ. மாமா ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து குழந்தையைப் போல அழுதார். நான் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். எனக்கும் ஒன்று வாங்கிக்கொண்டேன், சமோசாவும் சாப்பிட்டேன்.

மறுநாள் உமாசங்கரின் வலது புருவத்தில் இருந்த தழும்பை எடுத்தேன். முகங்களைத் திருத்துகிறவனுக்கு அது பத்து நிமிட வேலை. பிறகு கீழே ‘வலது புருவத்தில் தழும்பு’ என்று இருந்த வரியையும் எடுத்தேன். படத்தில் இல்லாததை எழுத்தில் சொன்னால் பார்க்கிறவர்கள் குழம்புவார்கள்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். ஒரே நாளில் மறைக்கப் பார்க்கிறவனுக்குச் சொன்ன பழமொழி அது. மாதத்துக்கு ஒரு மாற்றம் போதும். நவம்பரில் காது மடல். டிசம்பரில் மூக்கின் அகலம். ஒவ்வொரு தடவையும் திருத்திய படத்தை, பழைய ஸ்டூடியோ படத்தின் மேலேயே, அதே சட்டத்துக்குள் உட்காரவைத்தேன். அடியில் இருந்ததை நீக்கவில்லை. எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்று அவ்வப்போது மேல் படத்தை விலக்கிப் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. அளவு தெரியாமல் போய்விட்டால் மாமிக்குத் தெரிந்துவிடும்.

மாமி ஞாயிறு மத்தியானங்களில் மாடிக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து மானிட்டரைப் பார்ப்பார். ஒரு நாள் மட்டும், “கொஞ்சம் இளைச்சுட்டானோ?” என்றார். போட்டோவில் இருப்பவன் எப்படி இளைப்பான் என்று அவருக்கே தோன்றியிருக்க வேண்டும், கண்ணைத் துடைத்துக்கொண்டு கீழே போய்விட்டார். மாதாமாதம் உமாசங்கரின் மாத்திரையை வாங்கிவரச் சொல்வார். வந்தால் அன்றைக்கே கொடுக்க வேண்டுமே என்பார். நான்தான் வாங்கிவருவேன். ஃபிரிட்ஜ் கதவில் அட்டை அட்டையாக அடுக்கியிருந்தது.

2005 ஜனவரியில் நஸ்ரின் என்கிற பெண்ணிடமிருந்து ஈமெயில் வந்தது. போவன்பள்ளி காய்கறி மார்க்கெட்டுக்குப் பின்னால் ஆதரவற்றோர் இல்லம் ஒன்று இருக்கிறது, அங்கே அலுவலக வேலை பார்ப்பவர். சாயல் கொஞ்சம் இருக்கிறது, ஆனால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை, யாராவது வந்து பார்க்க முடியுமா என்று எழுதியிருந்தார். மாமாவும் நானும் இல்லங்களின் பட்டியலைப் பாதிப்பாதியாகப் பிரித்து வைத்திருந்தோம், தன் பாதிக்கு மாமா ஆட்டோவில் போவார். போவன்பள்ளி என் பாதியில் இருந்தது. அதனால் மாமாவிடம் சொல்லாமல் நான் மட்டும் போனதில் விதிமீறல் ஒன்றும் இல்லை.

நஸ்ரின் ஆம்பூர்க்காரப் பெண்.

“வாங்க சார். நாலு மாசமா இருக்காரு. பேரு கேட்டா சொல்ல மாட்டேங்கறாரு. மத்தவங்க மாதிரி ஆமாங்கறதுக்கு ஹவ்வுன்னும் சொல்றதில்ல, வேணாங்கறதுக்கு நக்கோன்னும் சொல்றதில்ல. சோறு போட்டா ‘போறும்’னு மட்டும் சொல்லுவாரு. அத வச்சுத்தான் தமிழ்னு கண்டுபிடிச்சேன்.”

பின்கட்டில் பத்துப் பதினைந்து பேர் மார்க்கெட்டிலிருந்து வந்த சின்ன வெங்காயத்தை உரித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் உமாசங்கர் இருந்தான். தாடி வளர்ந்திருந்தது. புருவத்தில் தழும்பு இருந்தது. நஸ்ரினுக்கு உள்ளிருந்து போன் வந்தது, அவர் போனார். உமாசங்கர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான்.

“மாடி சார். அம்மா சாப்ட்டாளா?”

“சாப்பிட்டாங்க” என்றேன். அது உண்மை. அரை மணி நேரம் முன்பு நானும் மாமியும் சேர்ந்துதான் சாப்பிட்டோம்.

நஸ்ரின் திரும்பி வந்தபோது, “இவர் இல்லைம்மா” என்றேன். அந்தப் பெண்ணின் முகம் வாடிப்போயிற்று. பார்வையாளர் ரெஜிஸ்டரில் ‘பார்த்தேன், இவர் இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன். சொந்தப் பெயரைத்தான் போட்டேன். ஒளிக்கிறவன் சொந்தப் பெயரைப் போடுவானா என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

அன்று சாயந்திரம் தாடையை மாற்றினேன். தாடையை மாற்ற வேண்டுமென்றால் வேறொரு முகத்திலிருந்து எடுக்க வேண்டும். ஊரார் முகத்தை அனுமதி இல்லாமல் எடுப்பது சரியல்ல. கேட்காமல் எடுக்கக்கூடிய முகம் என்னுடையது ஒன்றுதான். ஜன்னல் பக்கம் நின்று என்னையே படம் பிடித்தேன். தாடையை எடுத்தேன், பிப்ரவரியில் வாயை எடுத்தேன், மார்ச்சில் கண்ணுக்குக் கீழே இருக்கும் சதையை. வெளிச்சம் ஒத்துப்போனது, தோல் நிறத்தை மட்டும் இரண்டு படி ஏற்ற வேண்டியிருந்தது. மார்ச் மாதம் மாமி மாடிக்கு வந்து அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தார். “இப்பத்தான் அவனை நன்னாப் பாத்தாப்பல இருக்கு” என்று சொல்லி, மானிட்டரைத் தொட்டு விரலை உதட்டில் ஒற்றிக்கொண்டார். என் வாழ்க்கையில் நான் சந்தோஷமாக இருந்த நாள் எது என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன். சொல்ல வெட்கமாக இல்லை.

மே மாதம் இருபதாம் தேதி வாக்கில் வெயில் தாங்க முடியவில்லை. ரெஜிஸ்டரில் நான் எழுதியிருந்த ஆபீஸ் எண்ணுக்கு நஸ்ரின் போன் செய்தார். நான் ஆம்பூருக்கு வந்திருக்கிறேன், அந்தத் தமிழ் ஆளை ஜுரமும் வலிப்புமாக அரசு ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்களாம், ஏதோ சொல்கிறாராம், இல்லத்தில் வேறு யாருக்கும் தமிழ் தெரியாது, நீங்கள் கொஞ்சம் போய்ப் பார்க்க முடியுமா என்றார். போகாமல் இருந்திருக்கலாம். போனேன். இதையும் என் பக்கத்துக்கு எழுதிக்கொள்ள வேண்டும்.

வார்டில் கட்டிலுக்கு இரண்டு பேர். அவனை மட்டும் தனியாகப் போட்டிருந்தார்கள். டியூட்டி டாக்டர் சின்னப் பெண், பாவம், ஓடிக்கொண்டே இருந்தாள். இவர் முன்பு ஏதாவது மாத்திரை சாப்பிட்டவரா, ஏதாவது தெரியுமா என்று ஆங்கிலத்தில் கேட்டாள். அந்த மாத்திரையின் பெயரும் அளவும் எனக்கு மனப்பாடம். ஆறு கிலோமீட்டர் தூரத்தில் ஃபிரிட்ஜ் கதவில் ஒன்பது மாத மாத்திரை இருந்தது. “தெரியாது, எனக்கு இவர் யாரென்றே தெரியாது” என்றேன். சொல்லியிருந்தால் பிழைத்திருப்பானா என்று நீங்கள் கேட்டீர்கள். நான் டாக்டர் இல்லை.

இரண்டு மணி நேரம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். உமாசங்கர் என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு, “மாடி சார், அம்மா வராளா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தான். “வராங்க” என்றேன். எத்தனை தடவை கேட்டான் என்று எண்ணவில்லை. என்ன சொல்கிறார் என்று கூட வந்திருந்த இல்லத்து ஆயா கேட்டபோது, தண்ணீர் கேட்கிறார் என்று தெலுங்கில் சொன்னேன். அவர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். நாலு மணிக்கு அவன் பிடி தளர்ந்துவிட்டது. பெயர் தெரியாதவர் என்று எழுதி, சட்டப்படி வைத்திருக்க வேண்டிய நாள் வைத்திருந்து, இல்லத்துக்காரர்களே எரித்தார்கள். நான் அன்று ஏழு மணிக்கு வீட்டுக்கு வந்தேன். மாமி கேட் பக்கத்தில் நின்றார். தட்டு போட்டிருந்தது. அன்று பூசணிக்காய்ச் சாம்பார்.

அதற்குப் பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளில் மாமாவைப் பைக்கில் உட்காரவைத்துக்கொண்டு தேடப் போனேன். பீதர் வரை, வாரங்கல் வரை போனோம். இதை நீங்கள் எல்லாவற்றையும்விடக் கொடுமை என்றீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தக் கிழவருக்குத் தேடுவதை விட்டால் என்ன இருந்தது? அதை நான் பிடுங்கவில்லையே.

இந்த ஆகஸ்டோடு ஒரு வருடம். நாற்சந்திகளில் பெரிய பேனர் கட்ட வேண்டும் என்று மாமா திடீரென்று பிடிவாதம் பிடித்தார். சனத்நகரில் முகமது யூசுப் என்பவர் ஃப்ளெக்ஸ் அச்சடிக்கிறார், நானே ஆட்டோவில் போய்க் கொடுத்துவிட்டு வருகிறேன், சிடி போட்டுக் கொடு என்றார். ஆபீசுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. பத்தடி பேனரில் எழுத்து பிசிறில்லாமல் வர வேண்டும் என்கிற நினைப்பில், படமாக மாற்றாமல் கோரல்டிரா ஃபைலையே போட்டுக் கொடுத்துவிட்டேன். தொழில் சுத்தமாக இருக்க வேண்டும் என்று நினைத்ததுதான் நான் செய்த தப்பு.

யூசுப் பாய் திறந்து பார்த்திருக்கிறார். எழுத்தெல்லாம் கத்தி போல இருந்திருக்கிறது. முகம் மட்டும் வெப்சைட்டுக்காகச் செய்த சின்னப் படம், பத்தடிக்கு இழுத்ததும் கட்டம் கட்டமாக உடைந்துவிட்டது. நல்ல மனிதர், அப்படியே அச்சடித்துக் காசு வாங்க மனம் வரவில்லை. சட்டத்தைப் பிரித்துப் பார்த்தால் அடியில் பெரிய ஸ்டூடியோ படம் தெளிவாக இருக்கிறது. மேலே இருந்ததைத் தூக்கி எறிந்துவிட்டு அதைப் போட்டு அச்சடித்துவிட்டார். மாமாவுக்கு உபகாரம் செய்ததாகத்தான் இன்றைக்கும் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

போவன்பள்ளி நாற்சந்தியில் பேனர் கட்டிய மறுநாள் காலை, நஸ்ரின் ஷேர் ஆட்டோவில் வரும்போது அதைப் பார்த்திருக்கிறார். புருவத் தழும்போடு இருந்தது. அங்கேயே இறங்கி நின்று வீட்டு எண்ணுக்குப் போன் செய்தார். பத்து மணிக்கு ரெஜிஸ்டரையும் எடுத்துக்கொண்டு லோத்குண்டாவுக்கே வந்துவிட்டார். மாமா என்னை ஆபீசிலிருந்து வரவழைத்தார். பேனாவால் போட்ட என் பெயரைக் காட்டி, “இது உன் கையெழுத்தாடா?” என்று ஒன்று மட்டும்தான் கேட்டார். ஆமாம் என்றேன். அவர் என்னை அடிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டிய கதை என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் பேசினார்களாம். நான் யாரையும் விரட்டவில்லை. அவன் போன பிறகுதான் நான் உட்கார்ந்தேன். உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை, அவ்வளவுதான்.

ஆக, நீங்கள் கேட்ட மூன்று கேள்விக்கும் பதில்: படத்தை மாற்றியது நான். அவனை அடையாளம் தெரிந்தும் தெரியாது என்று சொன்னது நான். மாத்திரையின் பெயரைச் சொல்லாமல் அவன் சாவதைப் பார்த்துக்கொண்டிருந்தது நான். எல்லாமே என் சொந்தப் புத்தியில், நிதானமாகச் செய்தவை. யாரும் தூண்டவில்லை.

நேற்று சாயந்திரம் மாமி இங்கே வந்தார், நீங்கள்தான் அனுமதித்தீர்கள். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. அவருக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. அது என்னைத் தவிர உலகத்தில் யாரிடமும் இல்லை.

“கடைசில நீ பக்கத்துல இருந்தியாமே. என்னைக் கேட்டானாடா?”

“இல்ல மாமி” என்றேன். “யாரையும் கேக்கல.”

அவர் திரும்பிப் போய்விட்டார். தாயாரின் மனது புண்படக் கூடாது என்று சொன்ன பொய் அது, இந்த வாக்குமூலத்தில் அதை எனக்குச் சாதகமாகக் குறித்துக்கொள்ள வேண்டும். கேட்டான் என்று சொல்லியிருந்தால், இனி அவர் உயிரோடு இருக்கும் வரை அவனை மட்டும்தான் நினைத்துக்கொண்டிருப்பார்.